சின்ன வண்டி

டுரின் நகரத்தில் நான் முதலில் பார்த்த பழைய கார் இரண்டு குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. வெளிர் நீலம். கூரையில் பாதி துணி. ஒரு பெண்மணி வந்து காய்கறிப் பையை முன் சீட்டில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். டப டபவென்று நம்ம ஊர் ஆட்டோ ஸ்டார்ட் ஆகிற சத்தம். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்த வண்டியைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்குப் பதில் சிரிப்பு கொடுத்துப் பழகியவர் போலிருந்தது.

2023 ஜூன் மாதம் அது. ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி ஒரு புது மெஷின் வாங்கியிருந்தது. அதைக் கற்றுக்கொள்ள என்னையும் இன்னொருவரையும் மூன்று மாதம் இத்தாலிக்கு அனுப்பியிருந்தார்கள். நான் மெஷின் ஷாப் ஆள். எதைப் பார்த்தாலும் முதலில் அளவுதான் தோன்றும். அந்த வண்டி போன பிறகு அது நின்ற இடத்தைக் காலடியால் அளந்து பார்த்தேன். மூன்று மீட்டர்கூட வரவில்லை. அறைக்குப் போய்த் தேடினால் 2.97 மீட்டர் என்றிருந்தது. ஃபியட் 500. 1957இல் வந்த வண்டி. பின்பக்கம் இன்ஜின், இரண்டே சிலிண்டர், 479 சிசி. ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே சூடு ஆறும். வடிவமைத்தவர் தாந்தே ஜியாகோசா. 1975இல் நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 39 லட்சம் வண்டிகள் செய்து விற்றிருக்கிறார்கள்.

போர் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்த இத்தாலி அது. வெஸ்பாவிலும் லாம்ப்ரெட்டாவிலும் பிள்ளைகுட்டியோடு போய்க்கொண்டிருந்தவர்களை நாலு சக்கரத்துக்கு மாற்றிய வண்டி. சுருக்கமாகச் சொன்னால் இல்லாதவர் வீட்டுக் கார். இன்றைக்கு அதில் கல்யாணப் பெண்ணை ஏற்றிப் படம் எடுக்கிறார்கள்.

அன்று இரவே வீட்டு வாட்ஸப் குரூப்பில் படத்தைப் போட்டேன். அப்பா குரல் பதிவு அனுப்பினார். "இன்னாடா இது, நம்ம ஃபியட்டு குட்டி போட்டிருக்குதா?" அதற்குப் பின்னாலேயே அம்மா. "என் செயினு அதுல இருக்குதான்னு பாரு."

*

எங்கள் ஊர் மத்தூர். கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில், ஊத்தங்கரைக்கு முன்னால் வரும். பெங்களூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு லீவுக்குப் போகிறவர்களெல்லாம் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போவார்கள். டீ குடிக்க நிறுத்துகிறவர்கள் சிலர்.

பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் கார் ஸ்டாண்டு. நாலு அம்பாசிடர், ஒரு ஃபியட். அந்த ஃபியட் அப்பாவுடையது. 1978 மாடல் பிரீமியர் பத்மினி, பழைய மூன்றெழுத்து நம்பர். 1993இல் சேலத்தில் ஒருவரிடம் 38,000 ரூபாய்க்கு வாங்கினார். அதுவரைக்கும் லாரியில் போய்க்கொண்டிருந்தவர், எனக்கு அஞ்சு வயசானதும் வீட்டோடு இருக்க வேண்டும் என்று வண்டி வாங்கினார். ஊரில் அவருக்குப் பெயரே 'சின்ன வண்டிக்காரரு' என்று ஆகிவிட்டது. அம்பாசிடர் பெரிய வண்டி. அதில் பத்துப் பேரை ஏற்றலாம், டிக்கியைத் திறந்துபோட்டு மாங்காய்க் கூடைகளையும் ஏற்றலாம். எங்கள் வண்டியில் நாலு பேர், நெருக்கினால் ஆறு.

இந்த வண்டியின் கதை எனக்கு முழுதாகத் தெரிந்தது டுரினுக்குப் போன பிறகுதான். ஃபியட் 1100 என்ற பெயரில், 103 என்கிற மாடலாக, 1953இல் இத்தாலியில் வந்தது. அடுத்த வருடமே வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லாவில் அதைப் பூட்ட ஆரம்பித்தது. 1089 சிசி, நாலு சிலிண்டர், ஸ்டியரிங் பக்கத்திலேயே ஹேண்ட் கியர். இத்தாலிக்காரர்கள் 1969இல் அதை விட்டுவிட்டார்கள். நாம் விடவில்லை. 1970களின் நடுவில் பத்மினி என்று பெயர் மாற்றி, 2000 வரைக்கும் ஓட்டினோம். பெயர் சித்தூர் ராணி பத்மினியுடையது. எங்கள் ஸ்டாண்டில் யாரும் அதை ஒத்துக்கொண்டதில்லை. நாட்டியப் பேரொளி பத்மினிதான் என்று சத்தியம் செய்வார்கள்.

சின்ன வண்டியைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் அப்பா ஒரு கதை வைத்திருந்தார். லால் பகதூர் சாஸ்திரி பிரதமராக இருந்தபோது 1964இல் வாங்கியதும் ஃபியட்தான். விலை 12,000 ரூபாய். கையில் இருந்தது போக 5,000 ரூபாய் பஞ்சாப் நேஷனல் பேங்கில் கடன். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் இறந்துபோக, மிச்சக் கடனைத் தன் பென்ஷனிலிருந்து கட்டி முடித்தவர் அவர் மனைவி லலிதா. "பிரதம மந்திரியே கடன் வாங்கித்தான் இந்த வண்டிய ஓட்டினாரு" என்று முடிப்பார் அப்பா. அம்மா உள்ளேயிருந்து, "கட்டினது பொண்டாட்டி, அதயும் சொல்லு" என்பாள்.

அம்மா சொல்வதில் நியாயம் இருந்தது. 1998இல் கியர் பாக்ஸ் போயிற்று. அம்மாவின் மூன்று பவுன் செயின் ஊத்தங்கரையில் அடகுக் கடைக்குப் போனது. ஒரு வருடம் வட்டி கட்டினார் அப்பா. அடுத்த வருடம் இன்ஜின் ரீபோர். நகை மூழ்கிப்போனது. அன்றிலிருந்து அம்மாவுக்கு அது கார் இல்லை, செயின்.

*

பெட்ரோல் வண்டி என்பதுதான் பிரச்சினை. ஸ்டாண்டில் மற்ற நாலும் டீசல் அம்பாசிடர்கள். ஒரே வாடகைக்கு அவர்களுக்கு மிஞ்சுவதில் பாதிகூட அப்பாவுக்கு மிஞ்சாது. தொகரப்பள்ளி காட்டுப் பக்கம் இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு விடுவார். சத்தமே இல்லாமல் வண்டி உருளும். காற்றும் பூச்சிகளும் மட்டும் கேட்கும். நான் சின்னப் பையனாக அந்த நேரத்துக்காகவே கூடப் போவேன். அது மிச்சம் பிடிக்கிற வழி என்று தெரியாது. எனக்காகச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல், மே மாதங்களில் இன்ஜின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் இழுக்காமல் வண்டி நடுவழியில் நின்றுவிடும். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். சவாரிக்காரர்கள் கீழே இறங்கி நிற்பார்கள். அப்பா பீடி பற்றவைத்துக்கொண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல் உட்கார்ந்திருப்பார்.

சின்ன வண்டிக்கென்று சில சவாரிகள் இருந்தன. கிணற்றுக்கும் கூரைக்கும் நடுவில் போகிற சந்துக்குள் அம்பாசிடர் நுழையாது, ஃபியட் நுழையும். அதனால் பிரசவ கேஸ், பாம்புக்கடி, நெஞ்சுவலி எல்லாம் அப்பாவுக்குத்தான் வரும். பின் சீட்டில் விரிக்க ஒரு ரெக்சின் ஷீட் எப்போதும் டிக்கியில் இருக்கும். தர்மபுரி ஆஸ்பத்திரி, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி, கையில் காசிருந்தால் வேலூர்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற எல்லோரும் உயிரோடு திரும்புவதில்லை. ஆம்புலன்ஸ் எல்லோருக்கும் கிடைக்காத காலம் அது. பிணத்தை ஏற்றுவதென்றால் இரட்டை வாடகை என்பது ஸ்டாண்டு வழக்கம். சிலர் இரட்டை கொடுத்தாலும் வரமாட்டார்கள். அப்பா ஒரே வாடகைதான் வாங்குவார். இரண்டு பேருக்கு நடுவில், தலையில் துண்டு கட்டி, தூங்குகிற ஆளைப் போல உட்காரவைத்து ஊருக்குக் கொண்டுவருவார். கொண்டுவந்து விட்டுவிட்டு வீட்டுக்கு வெளியிலேயே நிற்பார். அம்மா மஞ்சள் தண்ணி கரைத்துக்கொண்டு போய் சீட்டைக் கழுவுவாள். எந்த மணிக்கு வந்தாலும் கழுவுவாள். செயினுக்காகத் திட்டிய அம்மா இதற்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

*

2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதே வருடம் அங்கே ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்தேன். முதல் வருடம், மழை பெய்த ஒரு நாள், பஸ்ஸை விட்டுவிட்டேன். அப்பா கொண்டுவந்து விட்டார். கேட்டுக்கு நேராக நிறுத்தினார். நான் இறங்கியதும் வண்டி அணைந்துபோனது. செல்ஃப் எடுக்கவில்லை. "நாலு பசங்கள வந்து ஒரு கை குடுக்கச் சொல்லுடா கண்ணு" என்றார்.

வந்த நாலு பேரில் ஒருவன் எங்கள் பக்கத்து ஊர்க்காரன். வண்டியைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டான். "டேய், இது பொண வண்டிடா."

மற்றவர்கள் சிரித்தார்கள். தள்ளவும் தள்ளினார்கள், பொய் சொல்லக் கூடாது. செகண்ட் கியரில் கிளட்சை விட்டதும் வண்டி உதறிக்கொண்டு கிளம்பியது. அப்பா கையைக் காட்டிவிட்டுப் போனார். அவருக்கு அது கேட்டதா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், "இனிமே வண்டிய எடுத்துக்கினு காலேஜ் பக்கம் வராத" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "சரிடா" என்றார்.

2006இல் வண்டி எஃப்.சி.யில் நிற்கவில்லை. தளம் துருப்பிடித்துப் பொத்தல். டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்க முப்பதாயிரம் கேட்டார்கள். அதற்குள் ஸ்டாண்டில் இரண்டு டீசல் இண்டிகா வந்துவிட்டது. ஏசி உண்டு, லிட்டருக்கு ஓடுகிற கிலோமீட்டரும் அதிகம். கல்யாணத்துக்குக்கூட இண்டிகாதான் கேட்டார்கள். அப்பா கிருஷ்ணகிரியில் ஒரு காயலான் கடையில் 14,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வந்தார். அதில் என் பரீட்சை ஃபீஸ், ஹாஸ்டல் பாக்கி எல்லாம் தீர்ந்தது. மறுநாளிலிருந்து ஆக்டிங் டிரைவர். அடுத்தவர் சுமோ, அடுத்தவர் இண்டிகா. எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதை எழுதாமல் இந்தக் கட்டுரையில் வேறு எதை எழுதினாலும் அது பாசாங்கு.

*

டுரினில் வேலை இல்லாத நாட்களில் நடந்துகொண்டே இருந்தேன். லிங்கொத்தோ என்கிற பழைய ஃபியட் தொழிற்சாலைக்குப் போனேன். 1923இல் திறந்தது. ஐந்து மாடி. கீழ்த்தளத்தில் உதிரிப் பாகமாக நுழைந்தது ஒவ்வொரு மாடியாக ஏறி, மொட்டை மாடியில் முழு வண்டியாக வெளியே வரும். மொட்டை மாடியிலேயே வண்டியை ஓட்டிப் பார்க்கச் சாய்வான வளைவுகளோடு ஒரு சோதனைப் பாதை. 1982இல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இப்போது உள்ளே கடைகளும் ஹோட்டலும். மேலே பாதையோரம் 2021இலிருந்து தோட்டம். எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர் பார்த்தால், இத்தனை இடத்தைச் செடிக்கு விட்டிருக்கிறார்களே என்று தூக்கம் வராமல் புரள்வார்.

அங்கே உட்கார்ந்து போனில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. என் சின்ன வயதில் எங்கள் பக்கம் ஒரு டாக்டர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தார். முன்பக்கம் பானெட், மட்காடு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முதலை வாயைத் திறப்பது போலத் திறக்கும். இன்ஜினைப் பார்க்கப் பிள்ளைகள் கூட்டம் கூடும். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது. 1961இலிருந்து சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்தார்கள். தனி சேஸிஸ் மேல் துண்டு துண்டான பாடியை போல்ட் போட்டுப் பூட்டுகிற வண்டி. அதில் நாலு கதவு மாடல் ஒன்றை நம் ஆட்கள் மட்டும்தான் செய்தார்கள். அந்த ஹெரால்டை வரைந்தவர் ஜியோவன்னி மிக்கெலொத்தி. டுரின்காரர்.

அதோடு நிற்கவில்லை. அப்பாவின் தொழிலை முடித்துவைத்த டாடா இண்டிகா இருக்கிறதே, 1998இல் வந்தது, அதற்கு வடிவம் கொடுத்ததும் டுரினில் இருந்த ஐடியா இன்ஸ்டிடியூட் என்கிற நிறுவனம்தான். மத்தூர் ஸ்டாண்டில் நின்ற வண்டியும், அதைக் காயலான் கடைக்கு அனுப்பிய வண்டியும், டாக்டர் வீட்டு வாசலில் நின்ற வண்டியும் ஒரே ஊர் ஆட்களின் கைவேலை. அந்த ஊரில் இன்று நான் மெஷின் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அதே ஐடியா இன்ஸ்டிடியூட் நானோவிலும் கைவைத்திருக்கிறது. நானோவை நினைத்தால் ஃபியட் 500 இன்னும் நன்றாகப் புரிகிறது. மழையில் ஸ்கூட்டரில் நாலு பேராகப் போகிற குடும்பத்தைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு அந்த யோசனை வந்தது. பின்பக்க இன்ஜின், இரண்டு சிலிண்டர், 624 சிசி, நீளம் 3.1 மீட்டர். ஐம்பது வருடம் கழித்து வந்த அதே யோசனை. 2008இல் டெல்லியில் காட்டியபோது ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று உலகமே பேசியது. பத்து வருடத்தில் முடிந்துபோனது. இன்ஜினில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் விலை குறைந்த கார் என்று பெயர் வாங்கியதுதான் அதைக் கொன்றது என்று டாடாவே பின்னால் ஒத்துக்கொண்டார். இல்லாதவன் வண்டி என்று தெரிந்த பிறகு இல்லாதவனே அதை வாங்கமாட்டான். பாலிடெக்னிக் கேட்டில் நின்ற எனக்கு இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

*

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போ ஆற்றங்கரையில் வாலெண்டினோ பூங்காவுக்குப் பக்கத்தில் பழைய வண்டிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். நாலைந்து ஃபியட் 500, ஒரு சிட்ரோன் 2சிவி, ஒரு பழைய மினி. 2சிவி பிரான்சின் விவசாயிக்காக 1948இல் வந்தது. உழுத நிலத்தில் ஓட்டினாலும் கூடையிலிருக்கிற முட்டை உடையக் கூடாது என்பது அதற்கு வைத்த நிபந்தனை. மினி 1959. சூயஸ் கால்வாய்ச் சண்டையில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது பிறந்த யோசனை. அலெக் இசிகோனிஸ் இன்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்து, மூன்று மீட்டருக்குச் சற்று மேலான நீளத்தில் நாலு பேரை உட்காரவைத்தார். அழகுக்காகச் சின்னதாக்கிய வண்டி இதில் ஒன்றுமில்லை. பெட்ரோல் இல்லை, இரும்பு இல்லை, காசு இல்லை. இல்லாமையைக் கணக்குப் போட்டவர்கள் அதை அவ்வளவு அக்கறையாகப் போட்டிருக்கிறார்கள். அந்த அக்கறைதான் இன்றைக்கு அழகாகத் தெரிகிறது.

வரிசையின் கடைசியில் நின்றது. சாம்பல் நிறம். ஃபியட் 1100.

கிட்டே போவதற்கு முன்பே வாசனை வந்தது. பழைய ரெக்சின், பெட்ரோல், சூடான ஆயில். ஓனர் எழுபது தாண்டியவர். போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு பேசினோம். எங்க அப்பா இதைத்தான் ஓட்டினார் என்றேன். எங்கள் நாட்டில் 2000 வரைக்கும் இதைச் செய்தோம் என்றேன். "துவேமிலா?" என்று மூன்று தடவை கேட்டார். பத்மினி படத்தைக் காட்டியதும் பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார்.

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். பானெட்டைத் திறந்து காட்டினார் பெரியவர். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சுத்தமா வெச்சிக்கிறாரு. சவாரி எத்தினி வரும்?"

"சவாரிக்கெல்லாம் இல்லப்பா. சும்மா வெச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை மட்டும் எடுப்பாராம்."

"வாரத்துல ஒரு நாள்தானா?"

"ஆமாம்பா."

அப்பா யோசித்தார். அவர் கண் கலங்கும் என்று நான் எதிர்பார்த்தேன். "அப்படி விட்டா பேட்டரி இறங்கிடுமேடா" என்றார். "டெர்மினலக் கழட்டி வெக்கச் சொல்லு."

சொன்னேன். பெரியவர் சிரித்துக்கொண்டே டிக்கியைத் திறந்து ஸ்பேனரைக் காட்டினார். அவரும் கழற்றித்தான் வைக்கிறாராம். மூவருக்கும் நடுவில் அன்று நடந்த உருப்படியான பேச்சு அதுதான்.

*

அறைக்குத் திரும்பும்போது எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அந்தப் பெரியவர் நல்லவர். அவர் வண்டியும் ஒரு காலத்தில் யாருக்கோ உழைத்துத்தான் இருக்கும். ஆனால் ஒரு வண்டி 'கிளாசிக்' ஆவதற்கு ஒரு கட்டத்தில் அது உழைப்பதை நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகும் அதை வைத்துக்கொள்ள ஒருவருக்கு இடம் வேண்டும், பென்ஷன் வேண்டும். ஜெர்மனியில் 30 வருடம் தாண்டி, பழைய உருவம் மாறாமல் இருக்கிற வண்டிக்கு நம்பர் பிளேட்டில் 'ஹெச்' என்று ஓர் எழுத்து கொடுத்து வரியிலும் சலுகை தருகிறார்கள். நம் நாட்டிலும் 2021இல் விதி வந்தது. 50 வருடம் ஆன வண்டிக்கு 'விஏ' என்று தனி நம்பர். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். தினசரி ஓட்டக் கூடாது, வாடகைக்கு ஓட்டவே கூடாது. அப்பா வண்டியை விற்ற விலையைவிடப் பதிவுக் கட்டணம் அதிகம்.

இன்னொரு கோபமும் இருந்தது. மத்தூரில் பார்த்து வெட்கப்பட்டதை டுரினில் பார்த்து மகிழ்கிறேனே, அது என் கண்ணா, அவர்கள் கண்ணா? வெள்ளைக்காரர் பாலிஷ் போட்டு நிறுத்தினால்தான் எனக்கு அது அழகாகத் தெரியுமா? ஓசூரிலிருந்து பெங்களூர் போகும்போது பொம்மசந்திரா தாண்டுவேன். 2001இல் அங்கேதான் ரேவா என்கிற குட்டி எலெக்ட்ரிக் கார் வந்தது. நீளம் 2.6 மீட்டர் சொச்சம். கம்பெனி பஸ் ஜன்னலில் இருந்து அதைப் பார்த்து எல்லோரும் சிரிப்போம், சோப்பு டப்பா என்போம். அதே வண்டி 2004இலிருந்து 'ஜி-விஸ்' என்ற பெயரில் லண்டன் தெருக்களில் ஓடியது. லண்டன் நெரிசல் கட்டணத்திலிருந்து அதற்கு விலக்கு. அங்கேயும் அதைக் கிண்டல் செய்தார்கள், ஆனாலும் வாங்கி ஓட்டினார்கள். இங்கே கிண்டலோடு நிறுத்திக்கொண்டோம்.

அதே வருடம் அக்டோபர் 30ஆம் தேதி, பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸிகள் சாலையிலிருந்து விடைபெற்றன. கடைசி வண்டியைச் சுற்றி நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்ட செய்தியை நான் ஓசூர் கேன்டீனில் பார்த்தேன். டாக்ஸி ஓட்டியவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டிருப்பார்கள் என்று தேடினேன். வண்டியைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்.

*

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். என்னிடம் இப்போது ஒரு பழைய வேகன்ஆர் இருக்கிறது. அப்பாவுக்குக் கண் ஆஸ்பத்திரி. கிருஷ்ணகிரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் போச்சம்பள்ளி சிப்காட் பக்கம் போகிற கம்பெனி பஸ்கள், உள்ளே பெண் பிள்ளைகள், யூனிஃபார்மோடு தூங்கிக்கொண்டு. அங்கே செய்கிற எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் உருவம் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சின்ன கம்பெனியில் வரைந்தது. அதை அப்பாவிடம் சொன்னேன். "எவன் வரஞ்சா இன்னா, பஞ்சர் ஒட்டறவன் நம்ம ஆளுதான்" என்றார்.

பாலிடெக்னிக் கேட்டைத் தாண்டும்போது நான் ஒன்றும் பேசவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு இருநூறு அடி தள்ளி ஒரு புங்கமரம். அப்பா அதைக் கையால் காட்டினார்.

"இங்கதான் நிறுத்துவேன்."

"எப்ப?"

"அதான், வராதன்னு சொன்னியே, அதுக்கப்புறம். ஆஸ்பத்திரி சவாரி எறக்கிட்டுத் திரும்பறப்ப வண்டி காலியா வரும். சாயங்காலம் பஸ்ஸ விட்ட பசங்க நாலஞ்சு பேரு நிப்பானுங்க. கண்டஹள்ளி, மத்தூரு. ஆளுக்குப் பத்து ரூபா. பெட்ரோலுக்கு ஆச்சு."

எனக்குக் கை நடுங்கியது. என்னோடு படித்தவர்கள். பேர் பேராகத் தெரிந்தவர்கள். ஒருவேளை அவனும் ஏறியிருப்பான்.

"நான் யாருன்னு அவனுங்களுக்குத் தெரியாது. உன் பேர நான் எடுக்கவே இல்ல" என்றார்.

என்னவோ சொல்ல வாயெடுத்தேன். பதினெட்டு வருடம் கழித்து என்ன சொல்வது? அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டு, என் காலைப் பார்த்தார்.

"கிளட்ச்சு மேல காலு வெச்சிக்கினே ஓட்டாத. பிளேட்டு தேஞ்சிடும்."

காலை எடுத்தேன். இரண்டு மூன்று கிலோமீட்டர் அப்படியே போனோம். "அந்த இத்தாலிக்காரரு," என்றார் பிறகு, "வண்டிய நெழல்ல நிறுத்தறாரா, வெயில்லயா? நீ கவனிச்சியா?"

நான் கவனித்திருக்கவில்லை. "கேட்டுச் சொல்றேம்பா" என்றேன்.